ஊதாக் கடதாசி

ஏணியின் உச்சிப் படியில் நின்ற சிவகலா ஊதாக் கடதாசியைப் பல்லால் கடித்து அறுத்தாள். சுவரில் எதையும் ஒட்டக் கூடாது என்று மயானத்து மண்டபத்தின் காவலாளி மூன்று தரம் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதனால் சுவரைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கட்டியிருந்தாள். விளக்குகளில், யன்னல் கொளுக்கிகளில், ஒலிபெருக்கிகளில், தீயணைக்கும் உருளையில்கூட. காவலாளி நாலாம் தரம் வந்து அரை நிமிடம் அசையாமல் நின்றிருந்தால் அவருடைய கழுத்திலும் ஒரு முடிச்சு விழுந்திருக்கும்.

கீழே, பெட்டிக்குள், தில்லைநாயகி கூறைச்சேலை உடுத்துப் படுத்திருந்தாள்.

"யோகண்ணை, வடிவா இருக்கோ?" கோயில் அலங்காரத்துக்குப் பொறுப்பான சிவகலா மேலேயிருந்து கேட்டாள். "அக்கா கோயிலுக்கெண்டு தன்ர கையாலை சுத்தி வைச்சது. கடைசியிலை அவவுக்கே உதவுது பாருங்கோ."

தில்லைநாயகியின் கணவர் யோகராஜா தலையை ஆட்டினார். அதை ஓம் என்றும் எடுக்கலாம், இல்லை என்றும் எடுக்கலாம். முப்பது வருடம் சுவிஸ் உணவகச் சமையலறையிலும் பதினொரு வருடம் கோயில் செயலாளர் கதிரையிலும் இருந்தவருக்கு அப்படித் தலையாட்டுவது கைவந்த கலை.

தில்லைநாயகி அந்தக் கடதாசியைக் கோயிலுக்கென்று சுற்றவில்லை. ஜப்பானியப் பெண் மல்யுத்தக்காரி ஒருத்திக்கு எறிவதற்காகச் சுற்றினாள்.

ஆறு வருடத்துக்கு முந்தி அவளுக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் கூட வேலை செய்த வெரேனா, கோப்பி இடைவேளையில் தன் தொலைபேசியை நீட்டி, "தில்லை, இதைப் பார்" என்றாள். யுகிமாட்சு என்று ஒரு சின்ன மல்யுத்த அணி. எல்லாரும் பெண்கள். மினுங்கும் உடுப்போடு வந்து ஒருத்தியை ஒருத்தி தலைக்கு மேலே தூக்கி அடித்தார்கள். ஒருத்தி விளக்குமாற்றோடு வந்தாள். எலும்பு நொறுங்க அடித்து முடித்த பிறகு எதிரெதிரே நின்று, இடுப்பு வளைய, மரியாதையாகக் கும்பிட்டுக்கொண்டார்கள். தில்லைநாயகி கண்வெட்டாமல் பார்த்தாள். அன்றைக்கு உலர்த்தும் இயந்திரத்துக்குள் கிடந்த முதியவர்களின் உள்ளுடுப்புகள் அத்தனையும் அப்பளமாகிவிட்டன.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஏழு மணியிலிருந்து ஒன்பது மணிவரை அவள் ஜப்பானில்தான் குடியிருந்தாள்.

அவளுக்கு மிகவும் பிடித்தவள் கொமோரி நட்சுயோ. வயது நாற்பத்துநாலு. இரண்டு முழங்காலிலும் கட்டு. பகலில் சாப்பாட்டுப் பெட்டி விற்கும் கடையில் வேலை. சண்டைகளில் பெரும்பாலும் தோற்பாள். ஒருநாள் யோகராஜா சமையலறை வாசலில் நின்று, மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டு, ஒரு சண்டையை முழுக்கப் பார்த்துவிட்டார்.

"ஏன் நீர் தோக்கிறவளையே பாக்கிறீர்?"

"தோக்கிறவளையும் பேர் சொல்லித்தானே கூப்பிடுறாங்கள்."

உண்மைதான். சண்டை தொடங்க முன் அறிவிப்பாளர் முழுப் பெயரையும் ஊர் அதிரும்படி இழுத்துக் கூப்பிடுவார். உடனே நாலு பக்கத்திலிருந்தும் சனம் அவளுடைய நிறத்தில் கடதாசிச் சுருள்களை எறியும். நட்சுயோவுக்கு ஊதா. மேடையும் தெரியாது, ஆளும் தெரியாது, ஊதா மழை மட்டும் தெரியும். பிறகு பயிற்சிக்கு வந்த இளம் பெட்டைகள் ஓடிவந்து, ஒரு மூச்சு விடுவதற்குள் அவ்வளவையும் அள்ளிக்கொண்டு போவார்கள். அந்த அள்ளலைப் பார்க்கும்போது தில்லைநாயகியின் கைகளும் மடியில் அசையும்.

யோகராஜா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இஞ்சேரும்" என்பார். முப்பத்தாறு வருடமாக அது போதுமாக இருந்தது.

சனத்துக்கு என்ன சொல்வது? கோயில் செயலாளர் வீட்டில் அரைகுறை உடுப்போடு மல்யுத்தமா? "அவ ஏழு மணிக்குப் பிறகு தேவாரம் கேக்கிறவ, போன் எடுக்கமாட்டா" என்று ஒருநாள் சொன்னார். அந்தப் பொய்க்கு அவர் தண்ணீர்கூட ஊற்றவில்லை, அது தானாகவே வளர்ந்தது. ஒருமுறை தொலைபேசியில் பின்னால் எழுந்த ஆரவாரத்தைக் கேட்டு, "அதென்ன அண்ணை சத்தம்?" என்று சிவகலா கேட்டாள். "நல்லூர்த் தேர்" என்றார். நல்லூரில் தேர் ஓடுவது ஆவணியில். அது மாசி மாதம். சிவகலா அந்தப் பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்ட சத்தம் அவருக்குக் கேட்டது.

யுகிமாட்சு அணி வருகிற மே மாதம் பாரிசுக்கு வருவதாக அறிவித்தபோது தில்லைநாயகியும் வெரேனாவும் நுழைவுச்சீட்டு எடுத்தார்கள். கடதாசிச் சுருளை வாங்கியபடியே எறியக் கூடாதாம். நடுவில் இருக்கும் மட்டைக்குழல் ஆளில் பட்டால் காயம் வரும். அதனால் முழுச் சுருளையும் அவிழ்த்து, மட்டையை எறிந்துவிட்டு, இரண்டு விரலில் மறுபடி சுற்றவேண்டும். இருநூறு சுருள் சுற்றினாள். அவள் அவிழ்த்த கடதாசியை நீட்டிப் பிடித்திருந்தால் அது அவர்கள் இருந்த திரிம்பாக்கிலிருந்து பாரிசுக்கு அவளுக்கு முந்தியே போய்ச் சேர்ந்திருக்கும்.

பிறகு கணையத்தில் புற்றுநோய் என்றார்கள்.

இரண்டு தரம் வைத்தியர்கள் கூப்பிட்டு, இனி மணித்தியாலக் கணக்குத்தான் என்றார்கள். இரண்டு தரமும் அவள் எழும்பியிருந்து தேத்தண்ணி கேட்டாள். விழுந்தவளுக்கு நடுவர் மூன்று எண்ண முன் தோளைத் தூக்கினால் தோல்வி இல்லை என்பது அந்த விளையாட்டின் விதி. "ரெண்டிலை எழும்பிட்டன்" என்று தாதிக்கு விளங்கப்படுத்தினாள்.

அந்த நாட்களில்தான் ஒருநாள் சிவகலா வீட்டுக்குச் சூப் கொண்டுவந்தாள். கட்டிலுக்குக் கீழே இருந்த பெரிய பையைக் கண்டாள்.

"இதென்ன அண்ணை, இவ்வளவு?"

"கோயிலுக்கு. வருசப்பிறப்பு அலங்காரத்துக்கெண்டு சுத்தினவ."

"ஐயோ, இந்த வருத்தத்துக்குள்ளையுமோ?" சிவகலா கண்ணைத் துடைத்துக்கொண்டு பையைத் தோளில் போட்டாள். யோகராஜா கதவைத் திறந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை பகல் ஆஸ்பத்திரியில் தில்லைநாயகி கேட்டாள். "இஞ்சேருங்கோ, அந்தப் பை கட்டிலுக்குக் கீழைதானே இருக்கு?"

"ஓம், இருக்கு."

"வெரேனாட்டைக் குடுத்துவிடுங்கோ. அவள் போகட்டும். நட்சுயோவின்ர பேரைக் கூப்பிடேக்கை என்ர பங்கையும் சேர்த்து எறியட்டும்."

"ஓம். குடுக்கிறன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பின்னேரம் நாலரைக்கு மூன்றாம் எண்ணிக்கையும் முடிந்தது.

பிறகு செத்தவீட்டுக்கு இரண்டு நாள் இருந்தது. பை கிடந்த கோயில் களஞ்சிய அறையின் திறப்பு யோகராஜாவின் சட்டைப்பையிலேயே இருந்தது. ஒருதரம் அந்தக் கதவுவரை போனார். உள்ளே யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டதும் திரும்பி வந்துவிட்டார்.

நொஷாட்டலிலிருந்து வந்த மகள் கோபிஷா இப்போது அவர் பக்கத்தில் வந்து நின்று மேலே பார்த்தாள்.

"அப்பா, இது அம்மாவின்ரையெல்லோ?"

"ஓம்."

"வெரேனாவுக்குக் குடுக்கச் சொன்னவவெல்லோ? என்னட்டையும் சொன்னவ."

யோகராஜா பெட்டியிலிருந்த மாலையை நேராக்கினார். அது முன்பே நேராகத்தான் இருந்தது. கோபிஷா வேறொன்றும் கேட்கவில்லை. போய் முன்வரிசையில் இருந்தாள். கேட்டிருக்கலாம் என்று அவருக்கு இருந்தது.

அப்போதுதான் வெரேனா உள்ளே வந்தாள். கறுப்புக் கோட்டு, மழையில் நனைந்த நரைத் தலை. வாசலிலேயே நின்று அண்ணாந்து பார்த்தாள். விளக்கு விளக்காகப் பார்த்தாள். பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டு நேரே அவரிடம் வந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்தாள்.

"நீங்கள் செய்துவிட்டீர்கள்" என்றாள் ஜெர்மன் மொழியில். "நீங்கள் வெட்கப்படுவீர்கள், பையைத் தரமாட்டீர்கள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். தில்லையிடம் சொல்லியும் இருக்கிறேன். அவள், 'இல்லை, தருவார்' என்றாள். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்."

யோகராஜாவுக்கு அந்த நாட்டில் முப்பத்தெட்டு வருடம். வதிவிட அனுமதிக்கும் வரிக்கும் வழக்குக்கும் ஜெர்மன் வாக்கியம் வைத்திருந்தார். இதற்கு ஒன்றுமில்லை. "பிட்டே, பிட்டே" என்றார், பரவாயில்லை என்பதுபோல. தன் வாயிலிருந்து அது வந்ததைக் கேட்டு அவருடைய காது இரண்டும் அடுப்பு வைத்ததுபோல் சுட்டன.

வெரேனா கோட்டுப்பையிலிருந்து ஒரு சுருளை எடுத்துக் காட்டினாள். எப்படிச் சுற்றுவது என்று காட்டித்தர தில்லைநாயகி முதல்முதல் சுற்றியது. "பெயரைக் கூப்பிட்டதும் எறிகிறேன்" என்றாள். மூன்றாம் வரிசை ஓரத்தில் போய் இருந்து, நுனியை இடக்கையில் பிடித்து, சுருளை வலக்கையில் ஆயத்தமாக வைத்துக்கொண்டாள்.

தேவாரம் முடிந்து கோயில் தலைவர் தவராஜா ஒலிவாங்கியைப் பிடித்தார். அவர் பிடித்தால் ஒலிவாங்கி களைக்கும், அவர் களைக்கமாட்டார்.

"திருமதி யோகராஜா அவர்கள் எங்களை விட்டுப் பிரிந்துவிட்டார்."

வெரேனா நிமிர்ந்தாள். அது பெயரல்ல என்று கண்டு சாய்ந்தாள்.

"எங்கள் செயலாளரின் அன்புப் பாரியார். கோபிஷாவின் பாசமிகு தாயார். மாலை ஏழு மணியானால் தேவாரம், தேவாரம், தேவாரம். கண்ணால் நீர் வழிய, நல்லூரானின் தேரை மாசி மாதத்திலும் கண்ட ஆத்மா அது."

சிவகலா விம்மினாள். யோகராஜா தன் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு இடைவெளியிலும் மூன்றாம் வரிசையில் ஒரு கை உயர்வதும் தாழ்வதும் அவருக்குத் தெரிந்தது. துணைவியார் என்றார் தவராஜா. குடும்பவிளக்கு என்றார். அம்மையார் என்றார். வாசலில் காவலாளி கைக்கடிகாரத்தைத் தட்டத் தொடங்கிவிட்டார். தமிழில் பெண்ணைக் குறிக்க எத்தனை சொல் உண்டோ அத்தனையும் வந்து போயின. அவளுடைய பெயர் மட்டும் வரவில்லை.

"இப்ப யோகண்ணை ரெண்டு வசனம் சொல்லுவார்."

யோகராஜா எழும்பினார். முதல்நாள் எழுதி மடித்த கடதாசி சட்டைப்பையில் இருந்தது. விரித்தார். "எனது துணைவியாரின் இறுதிக் கிரியைகளில்" என்று தொடங்கியது. தலையை நிமிர்த்தினார். வெரேனாவின் கை தூக்கியபடி இருந்தது. இந்தத் தரம் தாழவில்லை.

"இஞ்சேரும்" என்றார் ஒலிவாங்கிக்குள், பழக்கத்தில்.

பெண்கள் பக்கத்தில் அழுகை கிளம்பியது. அவர் அது அடங்கும்வரை நின்றார். பிறகு அந்தப் பெயரை, புதிதாக வாங்கிய பாத்திரத்தைத் தூக்குவதுபோல, எங்கே பிடிப்பதென்று தெரியாமல் சொன்னார்.

"தில்லைநாயகி."

மூன்றாம் வரிசையிலிருந்து சுருள் கிளம்பியது. சனத்தின் தலைகளுக்கு மேலாக அவிழ்ந்து அவிழ்ந்து வந்து, தவராஜாவின் சால்வையைத் தொட்டு, பெட்டிக்குக் குறுக்கே படிந்து, மிச்சச் சுருள் யோகராஜாவின் சப்பாத்தருகே உருண்டு நின்றது. மறுநுனி வெரேனாவின் கையில் இருந்தது.

தவராஜா குனிந்து, ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டார். பொத்தியது கீழ்ப்பக்கத்தை. கேள்வி எல்லாருக்கும் கேட்டது.

"அண்ணை, இது சுவிஸ்காரரின்ர வழக்கமாக்கும், என்ன?"

நல்ல பதில். தானே யோசித்திருந்தாலும் யோகராஜாவுக்கு அதைவிட நல்லதாக ஒன்று வந்திராது. ஓம் என்றால் போதும். தலையை ஆட்டினாலே போதும்.

"இல்லை" என்றார். "இது அவவின்ர."

"எது?" என்றாள் சிவகலா. அவள் மேலே பார்த்தாள்.

யோகராஜா வேட்டியை மடித்துக்கொண்டு முழங்கால் இரண்டையும் நிலத்தில் ஊன்றினார். சுருளை எடுத்து, மட்டை இல்லாத நடுவில் இரண்டு விரலை விட்டு, சுற்றத் தொடங்கினார். முதல் சுற்று தளர்ந்து வழுக்கியது. அவிழ்த்துவிட்டுத் திரும்பவும் சுற்றினார். பெட்டிமேல் கிடந்த கடதாசி மெல்ல நகர்ந்து, மாலையைத் தாண்டி, கூறைச்சேலைக் கரையைத் தாண்டி, அவருடைய கைக்கு வந்துகொண்டிருந்தது.

பிறகு அது இறுகி நின்றது. மூன்றாம் வரிசையில் வெரேனா நுனியை விடவில்லை.

அவர் இழுக்கவில்லை.