பதினான்கு நாள் நோட்டு

நாள் 1, திங்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியில் நடக்கும் சுயதொழில் வகுப்பில் சிவகாமு மேடம் இன்று எங்களைத் திட்ட அறிக்கை எழுதவிடவில்லை. "லாபம் வருமான்னு அப்புறம் பாக்கலாம். நீங்க வாழணும்னு நெனைக்கிற வாழ்க்கைக்கு அந்தத் தொழில் ஒத்து வருமா? அத மொதல்ல பாருங்க" என்று சொல்லி ஆளுக்கொரு நோட்டுக் கொடுத்தார். பதினான்கு நாள் எழுத வேண்டும். பதினைந்தாம் நாள் முடிவோடு வர வேண்டும்.

பக்கத்தின் நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். இடது பக்கம் சிப்காட். வலது பக்கம் சிதம்பரம்.

சிப்காட் என்பது இப்போது நான் பார்க்கும் வேலை. ஒரு ரசாயனக் கம்பெனியின் ஆய்வகத்தில் உதவியாளர். பதினோரு மாத ஒப்பந்தம், இது மூன்றாவது. நீட்டிக்க விருப்பமா என்று அடுத்த வாரம் வெள்ளிக்குள் சொல்ல வேண்டும்.

சிதம்பரம் என்பது கார்த்திகேசன் மாமா, என் அக்கா மலர்க்கொடியின் கணவர். கிள்ளை போகும் சாலையில் இறால் தீவனக் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னால் ஓர் அறை சும்மா கிடக்கிறது. இறால் வளர்ப்பவர்கள் குட்டைத் தண்ணீரைச் சோதிக்க அலைகிறார்கள், அந்த அறையில் நீயே ஒரு சோதனை நிலையம் வை என்று ஆறு மாதமாகச் சொல்கிறார்.

எப்படிப்பட்ட வாழ்க்கை வேண்டும் என்ற கேள்விக்கு மூன்று முறை எழுதி அழித்தேன். கடைசியில் மிஞ்சியது: கையைக் கழுவிவிட்டால் அன்றைய வேலை முடிந்துவிட வேண்டும்.

படிக்க அற்பமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து, சோப்புப் போட்டுக் கையைக் கழுவி வெளியே வந்தால், கடலூர் முதுநகரில் என் அறை வந்து சேரும்வரை தலைக்குள் ஒன்றும் இருக்காது. அது எனக்குப் பிடிக்கிறது. இது விருப்பமா, சோம்பலா என்று தெரியவில்லை. பக்கத்தில் கேள்விக்குறி போட்டு வைத்தேன்.

நாள் 4, வியாழன்

இடது பக்கம் இன்று ஒரு கழித்தல் குறி. முப்பத்தெட்டு மாதிரிகள், முப்பத்தெட்டு எண்கள். எழுதிக் கொடுத்த எண்களை யாரும் என்னிடம் திரும்பக் கேட்டதில்லை. மூன்று வருடத்தில் ஒருமுறைகூட இல்லை. அக்கா மகளின் காதுகுத்துக்கு விடுப்புக் கேட்டுக் கிடைக்காததையும் எழுதினேன். பழைய விஷயத்தைச் சேர்க்கலாமா என்று சந்தேகம் வந்து, பிறகு பென்சிலால் எழுதினேன்.

மாமா போன் செய்தார். "மச்சான், ஒன் போட்டோ ஒண்ணு அனுப்பேன். ரிஜிஸ்டர் பண்ண கேக்குறாங்க. இருந்தா ஆவும்."

வெள்ளைக் கோட்டுப் போட்ட படம் ஒன்று போனில் இருந்தது. வேறு படங்களும் இருந்தன. அதைத்தான் அனுப்பினேன்.

நாள் 7, ஞாயிறு

ஒத்திகை பார்க்கச் சிதம்பரம் போனேன். மாமா அறையைக் கழுவிவிட்டு மேசை போட்டிருந்தார். சோதனைப் பெட்டியை நான் கொண்டு போயிருந்தேன்.

முதலில் வந்தவர் தங்கம்மாள். கிள்ளைப் பக்கம் ஒரு குட்டையைக் குத்தகைக்கு எடுத்து இறால் வளர்க்கிறார். ஒரு காலி கலர் சோடா பாட்டிலில் தண்ணீர் கொண்டு வந்திருந்தார்.

"இது கழுவின பாட்டில்தானாம்மா?"

"கழுவித்தான் எடுத்தாந்தேன். என்னா தம்பி, வந்ததும் போலீசு மாதிரி கேக்குற?"

"அவன் அப்படித்தான்க்கா," என்றார் மாமா. "தாலி கட்டும்போதும் மூணு தடவ அளந்து பாப்பான்."

கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்துச் சொட்டு மருந்து விட்டேன். தங்கம்மாள் என் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்று குழாயையே பார்த்தார். மஞ்சள், பச்சையானது. அட்டையில் உள்ள நிறத்தோடு ஒப்பிட்டேன். மறுபடியும் ஒருமுறை செய்தேன். அமோனியா அதிகம்.

"எறாலு பொழைக்குமா தம்பி?"

நான் சொல்லும் எண்ணை எதிர்பார்த்து ஒரு முகம் நிற்பதை முதல்முறை பார்த்தேன். பாதித் தண்ணீரை மாற்றச் சொன்னேன், தீவனத்தைக் குறைக்கச் சொன்னேன். மாமா தீவனம் என்ற சொல்லைக் கேட்டு இருமினார். வலது பக்கம் பெரிய கூட்டல் குறி.

கையைக் கழுவிவிட்டுப் பேருந்து ஏறினேன். புதுச்சத்திரம் வருவதற்குள் தங்கம்மாளிடமிருந்து இரண்டு அழைப்பு. "மோட்டாரு போட்டுட்டேன். எவ்ளோ நேரம் ஓடணும்?" மாமாதான் என் எண்ணைக் கொடுத்திருக்கிறார். வலது பக்கம் ஒரு கழித்தல்.

நாள் 9, செவ்வாய்

தங்கம்மாள் காலையில் ஐந்து முறை. நான் சொன்னது சரிதானா என்று ஷிப்ட் முழுவதும் யோசனை. கவனம் பிசகி ஒரு மாதிரியை முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. கையைக் கழுவியும் குட்டை மண்டையைவிட்டுப் போகவில்லை.

இன்றுவரை போட்ட குறிகளைக் கூட்டிக் கழித்து எண்ணிப் பார்த்தேன். இடது ஒன்பது, வலது ஒன்பது. இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.

நாள் 11, வியாழன்

இடைவேளையில் வெங்கடசுப்ரமணியன் சார் கூப்பிட்டார். எங்கள் ஆய்வகப் பொறுப்பாளர். உடன் வேலை செய்யும் அருண்பாண்டியன் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றான். அவன் ஊர் கீரப்பாளையம். எனக்கும் அதுதான் சொந்த ஊர். நேற்று வார விடுமுறைக்குப் போயிருந்தான்.

அவன் போனில் ஒரு பேனர். கீரப்பாளையம் பேருந்து நிறுத்தத்தில் ஆளுயரத்தைவிடப் பெரிதாக, வெள்ளைக் கோட்டில் நான். 'எழிலன் நீர் பரிசோதனை நிலையம். திறப்பு விழா. வரும் ஞாயிறு.' கீழே வரிசையாக உறவினர் தலைகள். மாமா கறுப்புக் கண்ணாடியில். அக்காவின் கைக்குழந்தைகூட 'வாழ்த்தும் உள்ளங்கள்' பட்டியலில் இருந்தது.

"சொல்லவே இல்லையேடா பாவி," என்றான் அருண்பாண்டியன்.

"சார், நான் இன்னும் முடிவு பண்ணல."

சார் பேனரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "முடிவு பண்ணாமலா இவ்ளோ பெருசா சிரிச்சிட்டு நிக்குற?" பிறகு மெதுவாகச் சொன்னார். "வேலை வேணும்னா இப்ப சொல்லு. லிஸ்ட் இன்னும் போவல."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். "ஞாயித்துக்கெழம வரைக்கும் டைம் குடுங்க சார். பதினாலு நாள் ஆவல" என்றேன்.

"என்ன பதினாலு நாள்?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல், "நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சொல்லு. நீ ஒண்ணும் சொல்லலன்னா போறேன்னு எடுத்துக்கறேன்" என்றார்.

வகுப்புக்குப் போகாமல் சிதம்பரம் போனேன்.

"ஆவணியில இதான் கடைசி முகூர்த்தம் மச்சான்," என்றார் மாமா. "அப்புறம் பொரட்டாசி. நம்ம வூட்ல எதுனா ஆரம்பிப்பாங்களா? நீ கணக்குப் போட்டு முடிக்கிறதுக்குள்ள தை வந்துடும்."

"பேனர எறக்குங்க மாமா."

"எறக்கலாம். தொறக்கறதுக்கு முன்னாடியே மூடிட்டான்னு நாலு பேரு சொல்வான். ஒன் வயசுப் புள்ளைக்கு அது தேவையா?"

"மூஞ்சி நல்லா வந்திருக்குடா," என்றாள் அக்கா. "நேர்ல பாக்குறதவிட."

யாருக்கும் என்மீது கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். தோசை சாப்பிட்டுவிட்டுக் கடலூர் திரும்பினேன்.

நாள் 12, வெள்ளி

பேருந்து நிறுத்தத்தில் நின்று காலையிலேயே எண்ணி முடித்தேன். இடது பன்னிரண்டு, வலது பத்து. பென்சிலில் எழுதிய கழித்தலைச் சேர்த்தால்கூட இடதுதான். அதற்கும் மேலாக, நோட்டைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்தது: எனக்கு இந்த வேலை வேண்டும். காதுகுத்துக்கு விடாத, எண்ணைத் திரும்பக் கேட்காத, இரண்டு மணிக்கு என்னைவிட்டு நீங்கிவிடும் இந்த வேலை.

ஆனாலும் கடைசி மாதிரியை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தேன். பாதியில் எழுந்து போக மனம் வரவில்லை. முடிக்கும்போது பதினொன்றே முக்கால். சாரின் அறைக்குப் போனேன். அவர் இல்லை. உணவுக்கூடத்தில் இருக்கிறார் என்றார்கள்.

உணவுக்கூடக் கதவைத் திறந்தேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

மேசைமேல் கேக். பேக்கிங் பிரிவு பிரீதா வண்ணத்தாள் சுற்றிய ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு நின்றாள். சார் நடுவில். சுவர்க் கடிகாரம் என்று பெட்டியின் வடிவத்திலேயே தெரிந்தது.

"ஒரே மாதிரிய மூணு தடவ டெஸ்ட் பண்ற ஒரே ஆளு," என்று சார் பேசினார். "நம்ம லேபுக்கு நஷ்டம். எறாலுக்கு லாபம்." எல்லோரும் சிரித்தார்கள்.

"கடைய எப்ப மூடணும்னு யாரும் சொல்ல மாட்டாங்க இல்ல, அதான் கடிகாரம்," என்றாள் பிரீதா. அவள் கண் கலங்கியிருந்தது. நானும் பிரீதாவும் மூன்று வருடத்தில் பத்து வார்த்தைகூடப் பேசியதில்லை.

சார் என் பக்கம் குனிந்தார். "ஏதாவது சொல்லணுமா எழிலா?" அவர் கேட்டது மற்றவர்கள் நினைத்த அர்த்தத்தில் இல்லை. எனக்குப் புரிந்தது. சுவரில் இன்னும் பன்னிரண்டு ஆகவில்லை. முப்பது பேர் ஏற்புரைக்காக என்னைப் பார்த்தார்கள். கேக்கில் என் பெயரை எழுதியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வர வேன் பேசிவிட்டோம் என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள்.

"நன்றி," என்றேன்.

கடிகாரத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். சார் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டுக் கைதட்டத் தொடங்கினார்.

மூன்று மணிக்கு அவருக்குப் போன் செய்தேன். லிஸ்ட் போய்விட்டது. "மூணு மாசம் போவட்டும், காலி வந்தா பாக்கலாம்" என்றார். பிறகு, "ஏம்பா அங்க நிக்கும்போது சொல்லல?" என்றார்.

நாள் 14, ஞாயிறு

திறப்பு விழா முடிந்தது. வேனில் பதினாறு பேர் வந்தார்கள். கடிகாரத்தை அருண்பாண்டியனே ஆணி அடித்து மாட்டினான்.

கற்பூரம் காட்டி முடித்ததும் தங்கம்மாள் முதல் பாட்டிலை நீட்டினார். சொட்டு மருந்து விட்டேன். மஞ்சளாகவே நின்றது. மறுபடியும் செய்தேன். மஞ்சள்தான்.

"கொறஞ்சிடுச்சும்மா."

"பொழைச்சிக்கும்ல?"

"பொழைச்சிக்கும்."

அவர் என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதை மறைக்காமல் வலது பக்கம் எழுதுகிறேன், பேனாவால்.

நாளை மேடம் முடிவைக் கேட்பார். ஆய்வகத்தில், எடுத்த மாதிரியில் வேறு ஏதாவது கலந்துவிட்டால் அந்த எண்ணைப் பதிய மாட்டோம். கொட்டிவிட்டுப் புதிதாக எடுப்போம். இந்தப் பக்கத்தின் கடைசி வரியை எப்படிப் பதிவது என்று தெரியாமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

எல்லோரும் போன பிறகு கை கழுவப் பின்பக்கம் போனேன். குழாய்த் திட்டின்மேல் மூன்று பாட்டில்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் காகிதம் ஒட்டி, பெயர் எழுதியிருந்தது.

"கூட்டமா இருக்குன்னு வெச்சிட்டுப் போயிட்டாங்க மச்சான்," என்று மாமா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "விடியறதுக்குள்ள சொல்லணுமாம்."

பாட்டில்களை ஓரமாக நகர்த்திவிட்டு, சோப்புப் போட்டு, விரலிடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினேன். துண்டைத் தேடினேன். இல்லை. ஈரக் கையோடு முதல் பாட்டிலை எடுத்தேன். காகிதத்தில் மை கரைந்து பெயர் கலைய ஆரம்பித்தது. முழுவதும் அழிவதற்குள் படித்து, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, வேறு காகிதத்தில் அதை எழுதி ஒட்டினேன்.