சோலைமலை மாட்டிய கதவு

றொசல்லைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில் ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் அந்த லயத்தில் ரகசியம் தங்காது. வீடுகளுக்கு நடுவே உள்ள சுவர்கள் கூரை வரை போகவில்லை. ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாம் வீட்டில் ‘நூறாயுசு’ என்பார்கள். அங்கே உட்கார்ந்துதான் வினோஜன் தன் குடும்பத்தைத் திட்டி ராக் பாட்டுக் கட்டினான். மகா கெட்டிக்காரன்!

ஹட்டனில் கூட்டாளி பஸ்லான், தன் வாப்பாவின் கடை மாடியில் டிரம்ஸும் மைக்கும் வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை பதிவு. பாட்டு முடியாவிட்டால் வேறு பாடகனைப் பிடிப்பதாகச் சொல்லியிருந்தான். முடிந்ததோ நாலே வரி:

‘ஆறு பேரு, ஒத்த அறை,
மூச்சு விடவும் வரிசை,
எனக்கொரு கதவு குடு,
சாத்திக்கிட்டு கத்தணும்!’

மெதுவாகத்தான் பாடினான். அடுத்த வீட்டு ராக்காயிக்கு அது போதாதா? குழாயடியில் வரி பிசகாமல் பாடிக் காட்டினாள்.

“ஒம் மகன் கதவு கேக்குறானாம்ல ஜீவராணி. பொண்ணு பாத்துற வேண்டியதுதான்.”

தாய்க்காரி அழுவாள் என்று குழாயடியே காத்திருந்தது. அவளோ குடத்தோடு போய்ப் புருஷனிடம் சொன்னாள். சோலைமலையும் சண்டை போடவில்லை. அதுதான் வினை. பலகையும் தகரமும் கொண்டுவந்து, அறையில் பாதியை மறைத்துக் கதவே மாட்டிவிட்டார். மூன்று தங்கச்சிகள் படுத்த பாதி அது. பாயைச் சுருட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனார்கள், ஒருத்திகூட முனகவில்லை.

“இப்ப கத்துடா,” என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் கிட்டாரோடு உள்ளே போய்ச் சாத்தினான் வினோஜன். எதைச் சொல்லிக் கத்துவது? இருந்த ஒரே குறையையும் அப்பா ஆணியடித்து மூடிவிட்டாரே! வெளியே பாத்திரச் சத்தம்கூட இல்லை.

“சத்தமே வரலயே தம்பி,” என்றாள் ஜீவராணி. “நாங்க இருக்குறது கூச்சமா இருக்கோ?”

அவன் பதில் யோசித்துக் கதவைத் திறந்தபோது வீடு காலி. வெளியே நல்ல மழை. ராக்காயி வீட்டு வாசலில் ஐந்து பேரும் ஒரே படங்குத் தார்ப்பாய்க்குள் ஒடுங்கி நின்றார்கள். கடைசித் தங்கச்சிக்குக் குளிரில் பல் கிட்டியது.

“உள்ள வாங்கம்மா!”

“நீ பாட்ட முடிடா மொதல்ல,” என்று அங்கிருந்தே அதட்டினார் சோலைமலை. “ஈரக்காத்து அடிக்குது, கதவச் சாத்து!”

சாத்தினான். போனை எடுத்து, “வேற ஆளையே பாட வச்சிரு மச்சான்,” என்று பஸ்லானிடம் கிசுகிசுத்தான். பிறகு வாசலுக்கு வந்து, “பாட்டு முடிஞ்சிருச்சு, வாங்க,” என்று கூப்பிட்டான்.

சொட்டச் சொட்ட வந்து கதவுக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள். ராக்காயியும் இடம் பிடித்துக்கொண்டாள்.

“எங்க, பாடு,” என்றார் சோலைமலை.