தாய்மாமன் தந்த அடைக்கலம்

யார்க் நகரத்துப் பேராயர் பேர்ன்வின் ஊருக்கெல்லாம் சட்டம் எழுதியவர். படித்தவர்களுக்குச் சோதனையும் படிப்பின் வழியாகத்தான் வரும் போலிருக்கிறது. அடைக்கலம் கேட்டுப் பலிபீடத்தைப் பிடித்தவனுக்கு முதலில் வாக்குக் கொடு, அப்புறம் விசாரி என்று எழுதி வைத்தவரே அவர்தான். முதலில் விசாரித்தால் பாதிரிமார் வேண்டியவன் வேண்டாதவன் பார்ப்பார்களாம்.

அன்று மத்தியானம் ஊஸ் ஆற்றுப் படகுக்காரன் டன்வால்ட் ரத்தக் கையோடு ஓடிவந்து பீடத்துத் துணியைப் பிடித்தான். பேர்ன்வின் அவன் தலையில் கை வைத்து, "பயப்படாதே, இங்க உன்னை யாரும் தொட முடியாது" என்றார். பிறகுதான் கேட்டார்.

"யாரைக் கொன்னே?"

"குடிச்சிட்டு வந்தாருங்க சாமி. படகு தாமசம்னு சவுக்கால வெளுத்தாரு. வலி தாங்காம துடுப்பை வீசிட்டேன். பெரிய எடத்துப் புள்ள. ஓஸ்லாக்குன்னு பேரு."

ஓஸ்லாக் பேர்ன்வினுடைய தங்கை மகன். தகப்பன் போரில் செத்தபின் இவர் மடியில் வளர்ந்தவன். தாய்மாமன் என்றால் தகப்பனுக்கு ஒரு படி மேல். பழி வாங்கும் கடமையும் அவனுக்குத்தான். டன்வால்டின் தலையில் இருந்த கையை எடுத்து அவன் கழுத்தை நெரித்துவிட வேண்டும் என்று அவருக்கு உண்மையாகவே தோன்றியது.

வெளியே ஓஸ்லாக் வீட்டு ஆட்களின் குதிரைகள் வந்து நின்றன. அதுவரை சங்கீதம் பாடிக்கொண்டிருந்த துறவிகள் வாள் சத்தம் கேட்டதும் பின்வாசல் வழியாகக் கம்பி நீட்டினார்கள். பேர்ன்வின் பின்வாசலைத் தாழிட்டுவிட்டுத் தனியாகப் போய் முன்வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்தார். பேராயரைத் தாண்டிப் போக அங்கே ஒருவனுக்கும் துணிச்சல் கிடையாது.

தங்கை ஹில்டபர்க் ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"எந்திரி அண்ணே. அவனை வெளியே விடு."

"வாக்குக் கொடுத்துட்டேம்மா."

"யாரு செத்தான்னு தெரியாம குடுத்த வாக்குதானே?"

"தெரியாம குடுக்கணும்னுதான் எழுதினேன்."

"எழுதினே! எழுதி எழுதி, நீ எழுதுற அந்த ஆட்டுத்தோல் மாதிரி உன் மனசும் காஞ்சு போச்சு. ஊரான் புள்ளைக்கு நிழலு, உன் மருமகனுக்கு மண்ணா?"

அவள் குரல் திடீரென்று தணிந்தது. அவள் கத்தியதைவிட அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"சரி. வண்டியில கிடக்கான். பொழுது சாயறதுக்குள்ள புதைக்கணும். பாவமன்னிப்பு இல்லாம போன புள்ள. வந்து ஒரு ஜெபம் சொல்லு. மூஞ்சியையாவது பாத்துக்கோ."

வண்டி கல்லெறி தூரத்தில் நின்றது. கம்பளிக்கு வெளியே செம்பட்டை முடி கொஞ்சம் தெரிந்தது. அவர் பாதி எழுந்துவிட்டார். அப்போது ஆட்களின் கைகள் வாள்பிடிக்குப் போயின. தங்கையும் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் திறந்த இடைவெளியைப் பார்த்தாள். அவர் மறுபடி உட்கார்ந்தார்.

"வாளையெல்லாம் வெளியே வெச்சிட்டு அவனை உள்ளே கொண்டா, ஹில்டா. பீடத்துக்கு முன்னாலயே ஜெபிக்கிறேன்."

"கொன்னவன் மூச்சு விடுற எடத்துலயா? மாட்டேன். எனக்கு இன்னைக்கு ரெண்டு சாவு, புள்ளையும் அண்ணனும்."

பாதி ஆட்களைக் காவலுக்கு விட்டுவிட்டு அவள் வண்டியைத் திருப்பச் சொன்னாள்.

பேர்ன்வின் உட்கார்ந்த இடத்திலிருந்தே இறந்தவர்களுக்கான ஜெபத்தை உரக்கச் சொல்ல ஆரம்பித்தார். முதல் பகுதி முடிந்தது. பதில் சொல்லத் துறவி ஒருவரும் இல்லை. பதில் வராமல் அடுத்த வரிக்குப் போகவும் வழியில்லை. சக்கரச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது.

அவருக்குப் பின்னாலிருந்து, அழுகையில் கம்மிய குரலில், "ஆமென்" என்றான் டன்வால்ட்.

அவர் உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வாயை மூடு என்று கத்த நாக்கு துடித்தது. ஆனால் அந்தப் பிள்ளைக்காகப் பதில் சொல்ல அங்கே வேறு யாரும் முன்வரவில்லை.

"சத்தமா சொல்லுடா" என்றார் பேர்ன்வின், திரும்பிப் பார்க்காமல். "வண்டி தூரமாப் போகுது. அவனுக்குக் கேக்கணும்."