வீபேயின் இடது காலணி

டிசம்பர் பிறந்ததும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் படுக்கப்போகும் முன் கணப்பருகே காலணியை வைப்பார்கள். புனித நிக்கோலாஸ் வந்து அதில் இனிப்பு போட்டுவிட்டுப் போவார். அந்த வருடம் பேத்தி யின்கேவுக்கு நிறையக் கிடைத்தது. தாத்தாவுக்கு ஒன்றுமில்லையே என்று பாவப்பட்டு, கல்லாட்டம் கெட்டியான மசாலா பிஸ்கட் ஒன்றை என் கணவர் வீபேயின் இடது காலணிக்குள் போட்டுவைத்தாள்.

மனிதர் அதை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க மாடுகளோடு அலைந்தார். பல வருடச் சர்க்கரையில் பாதம் மரத்துப்போயிருந்தது. சாயங்காலம் காலுறையில் ரத்தத்தைப் பார்த்துக் கத்தியது நான்தான். புண்ணில் பிஸ்கட் தூள் ஒட்டியிருந்தது.

"பிள்ளைகிட்ட மூச்சு விடாதே," என்றார்.

கட்டுப் போட வந்த நர்ஸ் ரென்ஸ்கே ஒளிக்காமல் சொன்னாள்: "சர்க்கரை இறங்கினாத்தான் புண் ஆறும். காலை ஊனவும் கூடாது. இல்லேன்னா எடுக்க வேண்டி வந்துரும்."

"வலிக்கவே இல்லையேம்மா."

"அதாங்க ஆபத்தே."

அவள் போனதும் இவர் தொழுவத்துக்குக் கிளம்பினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வீபே! மாட்டுக் குளம்புல சின்னக் கீறல்னா டாக்டரை வீட்டுக்கே வரவழைப்பே. இது என்ன, இரவல் காலா?"

"மாடு நொண்டும். நான் நொண்டுறேனா?"

சொல்லிவிட்டுப் போயே விட்டார். இன்சுலின் ஊசியை மறந்தார், காப்பிக்கு ஆப்பிள் கேக்கை மறக்கவில்லை. புண் கறுத்தது, நாறியது. பனி உருகும்போது முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை. ஆஸ்பத்திரி ஜன்னல் வழியே சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும்கூட வரவில்லை.

அதன் பிறகு மனிதர் சொன்னபடி கேட்டார். ஊசி தவறவில்லை, கேக்கைத் தொடவில்லை. சர்க்கரை இறங்கியது. வெட்டிய இடம் அழகாக ஆறியது என்று ரென்ஸ்கே மெச்சினாள். எனக்கு அவளை அறையலாம் போல இருந்தது.

மறுபடி டிசம்பர் வந்தது. யின்கே தன் காலணியை வைத்துவிட்டு அவர் மடியில் ஏறினாள்.

"தாத்தா, போன வருஷம் உன் ஷூவுல பிஸ்கட் இருந்துச்சா?"

"இருந்துச்சே."

"தின்னியா?"

"பின்னே? ஒரு துணுக்குகூட மிச்சம் வைக்கலை."

"இந்த வருஷமும் உன் ஷூவை வைப்பியா?"

வீபே என்னைப் பார்க்கவில்லை. சக்கர நாற்காலியை உருட்டிப் போய், அலமாரியிலிருந்து இடது காலணியை எடுத்து அவளிடம் கொடுத்தார்.