மாமாவுக்கு ஊர் காட்டிய கதை

ஜாதகம் பார்த்துத் தாமே தேர்ந்தெடுத்த மாப்பிள்ளை நான் என்று ஸ்வர்ணலதாவின் மாமா நல்லசிவம் நம்பிக்கொண்டிருந்தார். அதற்கு முன்பே, இந்த ஊரில் வேலை பார்த்த அவளும் நானும் மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் சந்தித்துக்கொண்டிருந்ததோ, தரகரை அவரிடம் அனுப்பியதே நாங்கள்தான் என்பதோ அவருக்குத் தெரியாது. தெரிந்தால் கல்யாணம் இல்லை. அப்பா இல்லாத பெண்ணுக்கு அவர் வைத்ததுதான் சட்டம். காதல் என்று காதில் விழுந்தாலே காறித் துப்புவார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சங்கரன்கோவிலிலிருந்து வந்து இறங்கினார். "மாமாவுக்கு ஊரைச் சுத்திக் காட்டு" என்றாள் அம்மா.

ஸ்வர்ணலதா முன்பே எச்சரித்திருந்தாள்: "அரண்மனையைக் காட்டுங்க. பிராட்வேயில ஒரு துணிக்கடையில கொண்டு விடுங்க. நம்ம எடத்துப் பக்கம் மட்டும் போயிராதீங்க."

நானோ, மலையாளத்தில் மொழிபெயர்த்து வந்த அயல்நாட்டு நாவல்களை வாசித்தே மீசை முளைத்தவன். என் கண்ணுக்கு மட்டாஞ்சேரி ஏதோ பனிப்பிரதேசத்துத் துறைமுகம். சுக்குக் கிடங்கின் தூசியை மூடுபனி என்று ரசித்தபடியே தும்முவேன். அப்படிப்பட்டவன் விருந்தாளியைத் துணிக்கடையில் விடுவதா?

படகுத்துறையில் கடலை விற்கும் சந்தனமாரி, கேட்காமலே இரண்டு பொட்டலம் நீட்டினாள். பிறகு மாமாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னைக்கு இவுகளா?"

"அப்ப மத்த நாளு யாரு?" என்றார் மாமா.

"சிநேகிதன்" என்றேன்.

மூளை உள்ளவன் அங்கேயே திரும்பியிருப்பான். நான் எங்களுக்கு மிகவும் பிடித்த இடத்துக்கே கூட்டிப்போனேன். கிடங்குக்குப் பின்னால், காயலைப் பார்த்த மஜீத் இக்காவின் சாயாக்கடை. அஸ்தமனத்தைப் பற்றி மாமாவிடம் சொல்ல அழகான வாக்கியம் ஒன்றைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

அதற்குள் மஜீத் இக்கா முந்திக்கொண்டார். "எந்தா செல்லப்பா, ஒன் பெண்குட்டி எங்கே? பெணக்கமா?"

மாமா கிளாசைக் கீழே வைத்தார். "யாருடா அந்தப் பொண்ணு?"

சொன்னால் அவள் பெயர் கெடும். சொல்லாவிட்டால் என் பெயர். எப்படியும் கல்யாணம் போச்சு. நான் படித்த நாவல்களில், இந்த இடத்தில் கதாநாயகன் உதட்டைக் கடித்துக்கொண்டு பழியைச் சுமப்பான். நானும் கடித்தேன். உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. முகவாயைக்கூடச் சற்று உயர்த்திக்கொண்டேன்.

மண்டபத்துக்குத் திரும்பியதும் மாமா செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினார். "ஊரெல்லாம் பொண்ணோட சுத்துதவனுக்கு எம் மருமவளைத் தர மாட்டேன்! எல்லாரும் பெட்டியக் கட்டுங்க!"

அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். நான் தூணில் சாய்ந்து சோகமாக நின்றேன். மருதாணி அப்பிய கைகளைத் தூக்கிப் பிடித்தபடி ஸ்வர்ணலதா வந்தாள்.

"அந்தப் பொண்ணு நாந்தான் மாமா."

என் தியாகம் அவ்வளவுதான்.

மாமா அப்போதுதான் செருப்பைக் கழற்றினார். "அப்ப நான் பாத்த ஜாதகம்?" என்றார்.

"பொருத்தம் நல்லாருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? இல்லேன்னிருந்தா நான் ஒத்துக்கிட்டிருப்பேனா?"

அந்தப் பொருத்தத்தைப் பொய் என்று சொன்னால் தம் ஜோதிட ஞானத்தையும் பொய்யென்று சொன்னதாகும். மாமா குரலைத் தாழ்த்தினார். "அங்க ஒக்காந்து என்னதான் பேசுவீக?"

"இவரு பனி பெய்யிற ஊருக் கதையெல்லாம் சொல்லுவாரு. அழுவாரு. நான் கப்பைக் கிழங்கு தின்னுக்கிட்டிருப்பேன். மஜீத் இக்கா கடையில அதுக்கு ஒரு மொளகாச் சட்னி தருவாரு பாருங்க…"

"கதையக் கேக்க மாட்டியா?"

"பேரெல்லாம் நீளநீளமா இருக்கும் மாமா. வாயில கப்பையை வச்சுக்கிட்டு யாரு யாருன்னு எப்படிக் கேக்கிறது?"

அந்தச் சட்னிக் காரத்தில் அவள் கண்கள் நிறைந்ததையெல்லாம் என் கதைக்காக என்று நான் நினைத்திருந்தேன்.

மாமா என் பக்கம் திரும்பினார். கோபம் போயிருந்தது. ஜுரத்தில் படுத்தவனைப் பார்ப்பதுபோல் நெடுநேரம் பார்த்தார்.

"மாப்ளே," என்றார் மெதுவாக, "காலையில முகூர்த்த நேரத்துக்காவது அந்தக் கனவுலருந்து எந்திச்சிருவீரா?"