ரூம் ரெடி

துக்கத்துக்கு மூன்று நாள் விடுப்பு என்று எந்தப் புண்ணியவான் கணக்குப் போட்டு வைத்தானோ தெரியாது. நாலாம் நாள் காலையில் கண்ணீர் தானே வற்றிவிடும் என்பது அவன் எண்ணம் போலிருக்கிறது. பெரியவளும் நாலாம் நாள் சீருடையை மாட்டிக்கொண்டு விடுதி வேலைக்குப் போய்விட்டாள். அம்மா போய் ஒரு வாரம் ஆகப்போகிறது, அவள் இன்னும் அழவில்லை. அழக்கூடாது என்றெல்லாம் இல்லை, உட்கார நேரம் வாய்க்கவில்லை.

பெரியவள், சின்னவள் என்றுதான் அம்மா தன் இரண்டு பெண்களையும் கூப்பிடுவாள். பெரியவளுக்கு விடுதியில் அறை சுத்தம் செய்யும் வேலை. ஒருவர் காலி செய்துவிட்டுப் போன அறையில், அடுத்தவர் வருவதற்குள், அங்கே ஒரு ஆள் படுத்திருந்த தடயமே இல்லாமல் செய்துவிட வேண்டும். கண்ணாடியில் ஒரு விரல்ரேகை இருந்தாலும் புகார் வரும். சேர்ந்த புதிதில், நீண்ட நடையின் இரண்டு பக்கமும் வரிசையாக நின்ற கதவுகளைப் பார்த்து மலைத்துப்போய்த் துடைப்பத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கூட வேலை செய்த ஒருத்திதான் வழி சொன்னாள்.

"நடையப் பாக்காதடி, முன்னால இருக்கிற கதவ மட்டும் பாரு. உள்ள போனதும் கைய விட்டுடு, அது பாத்துக்கும். மனசு எங்க வேணா சுத்திட்டு வரட்டும்."

அன்று பிடித்த வழி. வீட்டிலும் அதுதான் அவளைக் காப்பாற்றியது. புருஷன் லாரியை எடுத்துக்கொண்டு போனால் திரும்ப எத்தனை நாளாகும் என்று அவனுக்கே தெரியாது. மகளின் பள்ளிக்கூடம், ஒழுகும் குழாய், படுத்த படுக்கையாகிவிட்ட அம்மா, எல்லாம் இவள் தலையில். கை ஒரு பக்கம் ஓடும், மனசு வேறொரு பக்கம் அலையும்.

சின்னவள் கடல் கடந்து வேலைக்குப் போனவள். அம்மாவின் அடக்கத்துக்கு அவளால் வர முடியவில்லை. போனில் தொண்டை கிழிய அழுதுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அக்கா, அம்மா ரூம மட்டும் அப்படியே வெச்சிரு. படுக்கைய உதறாத, தலகாணியத் தொடாத. முகத்தத்தான் பாக்க முடியல. அவங்க படுத்த எடத்துல ஒரு தடவ படுத்துக்கறேன்."

"நான் எதுக்குடி தொடப்போறேன்? நீ வந்து சேரு."

சின்னவள் வரும் நாளும் வந்தது. சாயங்காலம் வந்துவிடுவாள். அன்றைக்கென்று பார்த்து விடுதியில் இரண்டு பேர் மட்டம் போட, அவர்கள் அறைகளும் பெரியவள் தலையில் விழுந்தன. இடுப்பு ஒடிய வேலை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. அம்மா அறையில் ஜன்னல் திறந்து கிடக்குமே என்று உள்ளே ஓடினாள். ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். கலைந்த படுக்கை கண்ணில் பட்டது.

அவ்வளவுதான், கை தன்பாட்டுக்கு இறங்கிவிட்டது. மனசோ சின்னவளுக்கு என்ன சமைப்பது, மகளைக் கூட்டிவரப் பக்கத்து வீட்டில் சொல்ல வேண்டுமே, நாளைக்கு விடுப்பு கேட்டால் கத்துவார்களே என்று அலைந்துகொண்டிருந்தது. விரிப்பு, போர்வை, தலையணை, நாற்காலியில் கிடந்த நைட்டி எல்லாம் ஒரே சுருட்டாக வாஷிங் மிஷினுக்குள் போயின. சீப்பில் சிக்கியிருந்த நரைமுடியைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விட்டாயிற்று. மெத்தை மேலிருந்த ரப்பர் விரிப்பை மருந்து போட்டுத் துடைத்தாயிற்று. அலமாரியிலிருந்து வேறு தலையணை, வேறு விரிப்பு. மூலைகளை மடித்துச் செருகி, உள்ளங்கையால் ஒரு நீவு. வாசலில் நின்று திரும்பிப் பார்த்து, வழக்கம்போல வாய்விட்டுச் சொன்னாள்.

"ரூம் ரெடி."

சொன்ன பிறகுதான் அது யார் அறை என்பது உறைத்தது.

மிஷினுக்கு ஓடினாள். வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் அம்மாவின் நைட்டி நுரைக்குள் புரண்டுகொண்டிருந்தது. கதவை இழுத்துப் பார்த்தாள். வேலை முடியாமல் அது திறக்காது. திறந்துதான் இனி என்ன? மண்டியிட்டுக் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டாள். பாவி, இதைக்கூடவா உனக்கு விட்டுவைக்கத் தெரியவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று யோசித்தாள். போனில் கேட்ட அழுகை நினைவுக்கு வந்தது. அதை நேரில் பார்க்கும் தெம்பு அவளுக்கு இல்லை. திரும்பப் போய் விரிப்பைக் கசக்கினாள். வருஷக்கணக்கில் சுருக்கம் எடுத்த கைக்குச் சுருக்கம் வைக்க வரவில்லை, யாரோ வேண்டுமென்றே கசக்கியது பச்சையாகத் தெரிந்தது. வேறு வழியில்லாமல், வியர்வை காயாத சீருடையோடு, அம்மா படுப்பதுபோலவே சுவர்ப்பக்கம் ஒருக்களித்து முழங்காலை மடக்கிப் படுத்தாள். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. இப்போதாவது அழுது தீர்த்துவிடலாம் என்று நினைத்தாள். வாசல் மணி அடித்தது. எழுந்துவிட்டாள்.

சின்னவள் பெட்டியைக் கூடத்திலேயே போட்டுவிட்டு நேராக அந்த அறைக்குள் போனாள். பெரியவள் கதவோரம் நின்றாள். சின்னவள் படுக்கையில் விழுந்து தலையணையில் முகத்தைப் புதைத்தாள். வீடே அதிர அழுதாள்.

"அம்மா வாசன அப்படியே இருக்குக்கா... அப்படியே இருக்கு."

தன் உடம்பில் அம்மாவின் வாசனை இருக்கிறதென்று இதுவரை யாரும் பெரியவளிடம் சொன்னதில்லை. அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் சின்னவள், உண்மையை மறைத்துவிட்டு அவளிடமும் இனி கேட்க முடியாது.

"நீ தெனம் கூடவே இருந்தவ, உனக்குப் பழகிப் போயிருக்கும். வாக்கா, நீயும் வந்து மோந்து பாரு."

சின்னவள் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள். பெரியவள் குனிந்து, தங்கையின் கண்ணீர் நனைத்த இடத்தில் முகத்தை வைத்து மூச்சை இழுத்தாள். சலவைத்தூள் வாசனைதான் வந்தது. இன்னொரு தடவை, நெஞ்சு வலிக்கும்வரை இழுத்துப் பார்த்தாள்.

"இருக்குல்ல?" என்றாள் சின்னவள்.

"இருக்குடி" என்றாள் பெரியவள்.