மட்டம் பார்த்து வைத்த மெஷின்

புதன்கிழமை மத்தியானம் வசந்தகுமார் வீடியோவில் கூப்பிட்டு, "அய்யா, அந்தப் பின்பால் மெஷினப் போட்டுக் காட்டுங்க" என்றதும் நாகநாதனுக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்று வருடமாக அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத மகன். இப்போது கேட்கிறான் என்றால் ஊருக்கு வரப்போகிறான் என்றுதானே அர்த்தம்?

துபாயில் பெண்டாட்டி பிள்ளையோடு இருந்துகொண்டு, ஒரு மாலில் விளையாட்டு மெஷின்களைப் பழுது பார்ப்பவன் அவன். அங்கே கழித்துக் கட்டிய, இரும்புக் குண்டை மட்டையால் தட்டி விளையாடும் இந்த ஒன்றைக் கப்பலில் போட்டு, உச்சிப்புளிக்கு உள்ளே கிடக்கும் இந்த ஊருக்கு அனுப்பியிருந்தான். தாய் நாகஜோதியின் காரியம் முடிந்த கையோடு சொன்னான்: "தையில வந்துர்றேன்யா. ராமேஸ்வரத்துல ஒரு கடை போடுவோம். சாமி கும்பிட வர்ற பிள்ளைக விளையாடட்டும்." அதன் பிறகு மூன்று தை வந்து போய்விட்டது. மெஷின் மட்டும் கூடத்தில், குண்டு மிளகாய் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றது. அது நிற்கிற வரை மகன் வருவான் என்பது நாகநாதனின் கணக்கு. வெளியே யாரிடமும் சொன்னதில்லை.

அதன் நெற்றியில் இருக்கும் கண்ணாடியில், பூசணிக்காய் மண்டையும் பச்சை உடம்புமாக ஒரு கூட்டம் பறக்கும் தட்டில் வந்து இறங்கி பூமியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கீழே பலகையிலும் அதே தட்டும் ஆள்களும் பொம்மையாக நிற்க, இரும்புக் குண்டால் அடித்து அந்தத் தட்டைத் தகர்க்க வேண்டுமாம். ஆயுத பூஜைக்கு மண்வெட்டிக்கும் மருந்தடிக்கும் மெஷினுக்கும் வைக்கும் சந்தனம் குங்குமத்தை இதற்கும் வைப்பார். பச்சை ஆள்களில் பெரியவனுக்கு நடுநெற்றியில் பொட்டு. ராத்திரிச் சோற்றை அவனுக்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுவது. "குழம்புல உப்புக் கம்மி, என்ன?" என்று சில நாள் கேட்பதும் உண்டு. தனியாக இருப்பது ஒரு பாரம் என்றால், அதை ஒப்புக்கொள்வது இன்னொரு பாரம்.

செல்போனை மிளகாய் மூட்டை மேல் சாய்த்து வைத்து, ஸ்விட்சைப் போட்டார். விளக்குகள் ஓடின. மெஷினுக்குள்ளிருந்து ஆங்கிலத்தில் யாரோ மிரட்டினார்கள்.

"கப்பல்லயே கெட்டுப்போச்சுப்பா. குண்டு மேல போயிருது. அங்கனயே படுத்துக்கிருது. கீழ வரமாட்டேங்குது."

"கால்கிட்டக் காட்டுங்க. அது என்னய்யா செங்கலு?"

"முன்னால சாஞ்சு கெடந்துச்சு. ரசமட்டம் வச்சுப் பாத்து, முன்னங்காலுக்கு ரெண்டு ரெண்டு கல்லு குடுத்தேன்."

நாற்பது வருடம் வயலை மட்டம் பார்த்தவர். சாய்வாக நிற்கும் எதையும் அவரால் விட்டுவைக்க முடியாது. வசந்தகுமார் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். தாய் போன பிறகு அவன் அப்படிச் சிரித்து நாகநாதன் பார்த்ததில்லை.

"சாஞ்சாத்தான்யா குண்டு திரும்பி வரும்!"

கல்லை உருவியதும் குண்டு கடகடவென்று இறங்கி வந்தது. கீழே இருந்த இரண்டு சின்ன மட்டைகளுக்கான பொத்தான்களில் விரலை வைத்துக்கொண்டு, "ஏலே, இப்பத் தட்டவா?" என்றார்.

"இருங்க, இருங்க... இப்ப!"

தட்டினார். தப்பிவிட்டது. மறுபடி தட்டினார். பறக்கும் தட்டு அதிர்ந்தது, பச்சை ஆள்கள் துள்ளினார்கள். "இப்பவாலே? இப்பவா?" என்று அவர் கேட்கக் கேட்க, அவன் அங்கிருந்து "இடது! வலது!" என்று கத்தினான். அரைமணி நேரம். அறுபத்தெட்டு வயதில் அவர் மகனோடு விளையாடியது அதுதான் முதல் தடவை. அவனுக்கு எட்டு வயதாக இருந்தபோது காட்டு வேலை விடவில்லை.

"போதும்யா. நல்லா ஓடுது" என்றான் வசந்தகுமார். பிறகு, "ஞாயித்துக்கிழம ஒருத்தர் வருவாரு. மெஷினக் குடுத்துவிட்ருங்க. பிள்ளைய இங்கனயே ஸ்கூல்ல சேத்துட்டோம்" என்றான்.

"சரிப்பா" என்று ஸ்விட்சை அணைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹமீது சுல்தான் சரக்கு வண்டியோடு வந்தார். ராமநாதபுரத்தில் பிள்ளைகளுக்கு விளையாட்டு அரங்கம் திறக்கிறாராம். இரண்டு ஆள்கள் மெஷினின் கால்களைக் கழற்றும்போது, அவர் தன் செல்போனை நீட்டினார். "ஓடுதான்னு கேட்டதுக்கு உங்க மகன் அனுப்புன வீடியோ. நல்லாத்தான் வெளையாடுறீக."

அன்று பேசியதில் கொஞ்சத்தை அவன் அங்கேயே பதிவு செய்திருக்கிறான். இவர் பக்கத்துச் சத்தம் மட்டும் அதில் விழுந்திருந்தது, அவன் குரல் விழவில்லை. பச்சை ஆள்கள் மிரட்டினார்கள், குண்டு உருண்டது. ஒரு கிழவர் குனிந்து நின்று, "ஏலே, இப்பத் தட்டவா?" என்றார். பதில் இல்லை. "இப்பவாலே? இப்பவா?" பதில் இல்லை. என்றாலும் அந்த ஆள் காது கொடுத்துக் கேட்கிறார், தலையாட்டுகிறார், வாய் கொள்ளாமல் சிரிக்கிறார்.

"யாருகிட்டய்யா கேக்குறீக?" என்றார் ஹமீது சுல்தான்.

நாகநாதன் செல்போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வெளியே மெஷினை வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டுகிற சத்தம் கேட்டது. வீடியோ முடிந்து, மறுபடி முதலிலிருந்து ஓட ஆரம்பித்தது.